தலையணையின் கீழ் ஒரு துண்டுப் பாண்

பாணுக்காக மக்கள் விடியற்புறத்தில் வரிசையில் நின்ற காலம் அது. 1974 ஆம் ஆண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில், ஆதரவற்ற பிள்ளைகளுக்கென அமைந்த ஓர் இல்லத்தில் ஆசிரியனாகவும் விடுதியின் உதவி மேற்பார்வையாளனாகவும் நான் கடமை ஏற்றிருந்தேன். அப்பொழுது எனக்கு இருபத்துநான்கு வயது. ஒழுங்கு என்ற ஒன்றே உலகைத் தாங்கி நிற்கும் தூண் என நம்பியிருந்த வயது.

ஒருநாட் காலை, படுக்கை வரிசைகளைப் பார்வையிட்டுச் செல்லுகையில், எறும்புச் சாரை ஒன்று சுவர் வழியே இறங்கி ஒன்பது வயதுப் பையன் ஒருவனின் தலையணைக்குக் கீழே நுழைவதைக் கண்டேன். தலையணையைத் தூக்கினேன். பழந்துணியிற் சுற்றிய மூன்று துண்டுப் பாண் அங்கே இருந்தது. ஒன்று அன்றையது, ஒன்று முதல்நாளையது, மற்றையது பச்சைப் பூசணம் பிடித்துக் கிடந்தது. அவனுக்கு நாங்கள் உணவைக் குறைத்தவர்களல்லர். எல்லோருக்கும் கிடைத்ததே அவனுக்கும் கிடைத்தது. சில நாட்களில் தன் பங்கை முடிக்காமலே எழுந்திருப்பான். ஆகவே பசியால் எடுத்தான் என்று சொல்வதற்கில்லை. அதுவே என் சினத்தைப் பெருக்கியது. ஊரெல்லாம் பாணுக்குத் தவமிருக்க, இவன் அதனை ஒளித்துவைத்துப் பழுதாக்குகின்றானே!

அன்று மதிய உணவு வேளையில், பூசணம் பிடித்த அந்தத் துண்டைக் கையிற் கொடுத்து, எல்லாப் பிள்ளைகளும் காண அவனை முன்னே நிறுத்தினேன். அவன் அழவில்லை, தலைகுனியவுமில்லை. பாணைக் கீழே விழவிடாமல் இறுகப் பற்றியபடி நின்றான். இரண்டு கிழமை கழித்து வேறோர் இடத்தில், ஒரு றங்குப்பெட்டியின் பின்னால், மீண்டும் பாண் அகப்பட்டது. அன்று பிரம்பும் பேசியது. 'இவன் கை இனித் திருந்தாது' என்று சக ஆசிரியரிடம் சொன்னதாகவும் நினைவு. பின்னர் அதனை மறந்தேன். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் மறந்தேயிருந்தேன்.

சென்ற ஆண்டு, என் தமையனாரின் மகள் அழைக்க, வட இங்கிலாந்திலே அவள் வாழும் நகருக்குச் சென்று இரண்டு திங்கள் தங்கினேன். ஆறு வயதிற் பெற்றோருடன் அந்நாட்டுக்குப் போனவள் அவள். அங்கேயே கற்று, இன்று மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றுகின்றாள். மருந்து எழுதிக்கொடுப்பவர் உளமருத்துவர். இவர்களோ பேச்சாலும் உற்றுநோக்கலாலும் மனத்தின் முடிச்சுக்களை நெகிழ்விக்கப் பயின்றவர்கள். தேசிய சுகாதார சேவையும் உள்ளூராட்சி மன்றமும் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு குழுவில் அவள் இருக்கின்றாள். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளும், வயது வந்து அப்பராமரிப்பை விட்டு நீங்கும் இளைஞருமே அக்குழுவின் பொறுப்பு. 2024 மார்ச் 31 இல் இங்கிலாந்தில் மட்டும் இத்தகைய பிள்ளைகள் 83 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். நூற்றுக்கணக்கானோரை ஒரு கூரையின் கீழ் வைத்து வளர்க்கும் வழக்கம் அங்கு அற்றுப்போயிற்று. மூன்றில் இரண்டு பங்கினர் வளர்ப்புக் குடும்பங்களில் வாழ்கின்றனர்.

தான் பார்க்கும் பிள்ளைகளின் பெயரையோ ஊரையோ அவள் ஒருபொழுதும் வாய்திறந்து சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. ஆயினும் ஒரு மாலை, அவள் மேசைமீது கிடந்த சிறு கையேடொன்றைப் பொழுதுபோக்காகப் புரட்டினேன். வளர்ப்புப் பெற்றோர்க்கென அச்சிட்டது. அதில் ஒரு பக்கம், உணவை ஒளித்துவைக்கும் பிள்ளையைப் பற்றியது. அதட்டாதீர்கள், களவு என்று பெயர் சூட்டாதீர்கள், அவனுக்கென்று ஒரு சிறு பெட்டியைக் கொடுங்கள், அதிற் பாணோ பழமோ பிஸ்கற்றோ வைத்துப் படுக்கையருகே வையுங்கள், நாள்தோறும் நீங்கள் அதனை நிரப்புவதை அவன் காணட்டும் என்பது அப்பக்கத்தின் சாரம்.

இருமுறை வாசித்தேன். கையேட்டை மூடி வைத்தேன்.

"என்ன சித்தப்பா, யோசிக்கிறியள்?" என்றாள்.

"பசியில்லாத பிள்ளை ஏன் சாப்பாட்டை ஒளிக்குது, பிள்ளை?"

"நாளைக்கும் சாப்பாடு வரும் எண்டு ஆர் அதுக்குச் சொன்னது? சொன்ன ஆக்கள் இருந்தாலும், அந்த ஆக்கள் நாளைக்கு இருப்பினமோ எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

அவ்விரு மாதங்களில் மீதிப்பொழுதை அவளுடைய நூலடுக்கின் முன்னாலேயே கழித்தேன். அங்கே நான் கற்றவற்றுட் சிலவற்றை நம் நாட்டு ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகின்றேன்.

1939 செப்டெம்பர் முதல் மூன்று நாட்களில், குண்டுவீச்சுக்கு அஞ்சி, பிரித்தானிய நகரங்களிலிருந்து சுமார் 15 இலட்சம் பேர் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பிள்ளைகள். கழுத்திற் பெயர்ச்சீட்டுத் தொங்க, முகமறியாதார் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தனர். அவ்வாண்டு டிசெம்பரில் ஜோன் போல்பி, இமானுவல் மில்லர், டொனல்ட் வினிக்கொட் என்னும் மூன்று மருத்துவர்கள் பிரித்தானிய மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினர். இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைத் தாயிடமிருந்து நெடுங்காலம் பிரிப்பது பாரதூரமான உளத்தீங்கை விளைக்கும் என்பது அவர்களின் எச்சரிக்கை. குண்டு விழும் காலத்திலே மனத்தைப் பற்றிப் பேசுவதா என்று நகைத்தோரும் இருந்திருப்பர்.

இம்மூவருட் போல்பியின் பெயர் நம் ஆசிரிய கலாசாலைப் பாடநூல்களிலும் வருவது. 1951 இல் உலக சுகாதார தாபனத்துக்காக அவர் எழுதிய தாய்மைப் பராமரிப்புப் பற்றிய அறிக்கையும், பின்னர் வகுத்த ஒட்டுறவுக் கோட்பாடும் பலரும் அறிந்தவை. வினிக்கொட் அத்துணை அறியப்படாதவர். ஆனால் என் தலையணைப் பாணுக்கு விடை சொன்னவர் அவரே.

குழந்தை மருத்துவராகிய வினிக்கொட், போர்க்காலத்தில் ஒக்ஸ்போட்சயர்ப் பகுதியிலிருந்த சில விடுதிகளுக்கு உளமருத்துவ ஆலோசகராகக் கிழமைதோறும் போய்வந்தார். படுக்கையை நனைத்தோர், ஓடிப்போனோர், களவெடுத்தோர், வைக்கோற் போருக்குத் தீ வைத்தோர் என, எந்த வீட்டாரும் வைத்திருக்க இயலாத பிள்ளைகள் அவ்விடுதிகளில் இருந்தனர். 1941 இல் கிளேயர் பிரிட்டன் என்னும் சமூக சேவையாளர் அப்பணியில் இணைந்தார். பத்தாண்டு கழித்து இருவரும் மணம் புரிந்துகொண்டனர். விடுதிப் பணியாளரின் முறைப்பாடுகளைக் கேட்பதும், அவர்கள் மனஞ்சோர்ந்து வேலையை விட்டு ஓடாமற் காப்பதும் கிளேயரின் அன்றாடக் கடமைகளாயின.

அங்கே அவர்கள் கண்ட ஒன்று என்னை நிலைகுலைய வைத்தது. விடுதிக்கு வந்த பிள்ளை முதற் சில நாட்கள் நல்ல பிள்ளையாகவே இருப்பானாம். தான் வந்து சேர்ந்த இடத்தை மனம் மெல்ல நம்பத் தொடங்கும்பொழுதே அவன் கண்ணாடியை உடைப்பான், பொருளை எடுப்பான். 'இந்த இடம் என்னைத் தாங்குமா, இவர்களும் என்னைத் துரத்துவார்களா?' என்ற கேள்வியை அவன் கையாற் கேட்கின்றான். 1956 இல் வாசித்த ஒரு கட்டுரையில் வினிக்கொட் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றார். களவெடுக்கும் பிள்ளை தேடுவது அப்பொருளையன்று. தனக்கு உரிமையாயிருந்து இழந்துபோன தாயை. நம்பிக்கை முற்றும் வற்றிய பிள்ளை எதையும் தேடமாட்டான். ஆகவே களவு, நம்பிக்கை இன்னும் உயிரோடிருப்பதன் அடையாளம் என்பது அவர் முடிவு. களவு நல்லது என்று அவர் சொல்லவில்லை என்பதை ஆசிரியர்கள் கவனிக்க. அது எதைக் கேட்கின்றது என்பதைக் காது கொடுத்துக் கேள் என்றே சொன்னார்.

இவ்வளவும் எழுதியவர் பொறுமைக் கடலாயிருந்தார் என எண்ணவேண்டாம். ஓடிப்போவதையே தொழிலாகக் கொண்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை அவரும் அப்போதைய மனைவியாரும் தம் வீட்டில் மூன்று மாதம் வைத்திருந்தனர். அக்காலத்தை நரகம் என்றே அவர் எழுதியிருக்கின்றார். சிறுவன் எல்லைமீறி வெறியாடும்பொழுது, அவனை அடியாமல், திட்டாமல், தூக்கி வாசலுக்கு வெளியே விடுவார். அங்கே ஒரு மணி இருந்தது. அதனை அடித்தால் மீண்டும் உள்ளே எடுத்துக்கொள்ளப்படுவான். நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் பேசப்படாது. வெளியே விடும்பொழுது, 'நீ இப்போது செய்தது எனக்கு உன்மேல் வெறுப்பை உண்டாக்கிவிட்டது' என்று அவனிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவார். அவ்வாறு சொல்லாவிட்டாற் கைநீட்டாமல் இருந்திருக்க முடியாது என்றும் ஒப்புக்கொள்கின்றார். பிள்ளைகளோடு வாழ்வோர்க்கு வெறுப்பே வராதென்று பாசாங்கு செய்யும் நூல்கள் பல உள. இவ்வொரு பக்கம் அவற்றை எல்லாம் விட எனக்குப் பயன்பட்டது. 1974 இல் எனக்குள்ளேயும் ஒரு வெறுப்பு இருந்தது. நான் அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தேன்.

1970 இல், தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், விடுதிப் பராமரிப்பைப் பற்றி ஓர் உரையாற்றினார் வினிக்கொட். இளமைச் செருக்கோடு அவ்விடுதிகளுக்குச் சென்று பிள்ளைகளின் மனத்துக்கு ஆழ்ந்த விளக்கங்களை வழங்கியதாகவும், ஆனால் உண்மையான சிகிச்சை அங்கே ஏற்கனவே நடந்துகொண்டிருந்ததைப் பின்னரே உணர்ந்ததாகவும் அதிற் கூறினார். சுவரும் கூரையும், சமையல் செய்பவரும், நேரந்தவறாமல் மேசைக்கு வந்த உணவும், குளிருக்குப் போதிய போர்வையுமே வைத்தியம் செய்தன என்றார். மூளையைப் பெரிதாக மதிக்கும் ஒரு தொழிலிலே நெடுங்காலம் புகழோடிருந்த ஒருவர், முதுமையில் சமையற்காரரை முன்னே நிறுத்திப் பேசியது எளிதன்று.

போர் முடியுந் தறுவாயில், 1945 ஜனவரியில், இங்கிலாந்தைத் தலைகுனியச் செய்த ஒரு மரணம் நிகழ்ந்தது. உள்ளூராட்சி மன்றத்தாற் பண்ணை வீடொன்றில் வளர்ப்புக்கு விடப்பட்ட டெனிஸ் ஓநீல் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், ஷ்ரொப்சயரில் அடியாலும் பட்டினியாலும் இறந்தான். அவனை யார் போய்ப் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள் என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை இருக்கவில்லை. (அகதா கிறிஸ்தியின் 'எலிப்பொறி' நாடகத்துக்குக் கரு தந்தது இவ்வழக்கே. 1952 முதல், கொள்ளைநோய்க் காலம் ஒன்று தவிர, அந்நாடகம் லண்டனில் நடந்துகொண்டே இருக்கின்றது. பார்ப்போருள் எத்தனை பேர் அச்சிறுவனை நினைக்கின்றனரோ!) அவ்வாண்டே கேட்டிஸ் குழு அமைந்தது, வினிக்கொட்டும் கிளேயரும் அதன்முன் சாட்சியமளித்தனர். தமக்கென்று ஒரு விளையாட்டுப் பொருளும் இல்லாத பிள்ளைகள் நிறைந்த இல்லங்களை அக்குழு கண்டது. 1948 இல் சிறுவர் சட்டம் வந்தது. ஒவ்வொரு மன்றமும் பிள்ளைகளுக்கென்றே ஒரு பகுதியை அமைத்து, பொறுப்பான ஓர் அலுவலரை நியமிக்கவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது.

இனி என் பெறாமகளின் நாளாந்தப் பணிக்கு வருகின்றேன். அவள் ஓர் அறையில் இருப்பாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து மனம் திறப்பர். அவள் குறிப்பெடுப்பாள் என்றே நான் எண்ணியிருந்தேன். பிள்ளைகளைத் தனியே சந்திப்பதும் உண்டு. ஆனால் அவள் நேரத்திற் பெரும்பகுதி பெரியவர்களோடேயே கழிகின்றது. வளர்ப்புத் தாய், சமூக சேவையாளர், வகுப்பாசிரியர் ஆகியோரை ஒரு மேசையைச் சுற்றி இருத்தி, ஒன்றரை மணிநேரம் ஒரே பிள்ளையைப் பற்றி யோசிக்க வைக்கின்றாள். அவன் எத்தனை வீடு மாறினான், ஒவ்வொரு வீட்டிலும் யாரை இழந்தான், எந்த நேரத்தில் குழப்பம் கூடுகின்றது என்று நூல்பிடித்தாற்போலத் தேடுகின்றார்கள். "பிள்ளையோட நான் கிழமையில ஒரு மணித்தியாலம். அந்த அம்மா மிச்சம் முழுக்க. அப்ப ஆருக்கு நான் உதவவேணும்?" என்று கேட்டாள்.

அவள் ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னாள். எவரையும் குறியாத கற்பனை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான். எட்டு வயதுச் சிறுமி. பள்ளிக்கு அழைக்க வந்த வளர்ப்புத் தாய் ஐந்து நிமிடம் பிந்திவிட்டாள். சிறுமி ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குப் போனதும் அத்தாய்க்கு விருப்பமான தேநீர்க் கோப்பையைச் சுவரில் எறிந்து உடைத்தாள். 'ஏன் செய்தாய்?' என்று கேட்டால் விடை வராது. ஏனெனில் அவளுக்கே தெரியாது. அமெரிக்க உளவியலாளர் டானியல் ஹியூஸ் என்பார் வகுத்த முறையில் விளையாட்டுணர்வு, ஏற்பு, அறியும் ஆவல், உடனுணர்வு என்ற நான்கையும் வளர்ப்போர் பழகவேண்டும் என்பர். கோப்பையை உடைத்தது சரியென்று தாய் சொல்லமாட்டாள். துண்டுகளை இருவரும் சேர்ந்து பொறுக்குவர். பொறுக்கும்போது, 'அம்மாவைக் காணவில்லை, இனி வரவேமாட்டாள் என்று எண்ணிவிட்டாயோ தெரியவில்லை. அப்படியானால் எவ்வளவு பயமாயிருந்திருக்கும்' என்று மெல்லச் சொல்வாள். சிறுமி உடனே கட்டித்தழுவி அழுவாள் என்று எதிர்பார்க்கவேண்டாம். 'வாயை மூடு' என்றும் சொல்லக்கூடும். இருநூறாவது முறை ஏதேனும் மாறலாம்.

இருநூறுமுறை பொறுக்கும் தாயின் நிலை என்ன? அன்பு கொடுத்துக் கொடுத்து ஒன்றும் திரும்பிவராத மனம் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும். கைகள் சோறாக்கும், உடுப்புத் துவைக்கும். உள்ளம் அங்கே இராது. இறுதியில் ஒருநாள், 'இவனை வேறெங்காவது கொண்டுபோங்கள்' என்று அவள் தொலைபேசியிற் சொல்வாள். பிள்ளைக்கு அது இன்னொரு வீடு, இன்னொரு இழப்பு, தான் வேண்டப்படாதவன் என்பதற்கு இன்னொரு சான்று. அந்தத் தொலைபேசி அழைப்பு வராமற் காப்பதே இவள் தொழிலின் பாதி. வந்த தாய்மாரிடம் முதலில், 'இக்கிழமை நீங்கள் எத்தனை மணிநேரம் உறங்கினீர்கள்?' என்றே கேட்பாளாம். அன்று விடுதிப் பணியாளரின் முறைப்பாடுகளைக் கேட்ட கிளேயரின் பணி, வேறு உடையில் இன்றும் நடக்கின்றது.

இவை எல்லாம் அங்கே தட்டுப்பாடின்றி நடக்கின்றன என்று யாரும் மயங்கவேண்டாம். 2003 இல் வெளியான தேசிய ஆய்வொன்று, இங்கிலாந்தில் மன்றங்களின் பராமரிப்பிலிருந்த 5 முதல் 17 வயதுவரையான பிள்ளைகளுள் நூற்றுக்கு 45 பேரிடம் உளக்கோளாறு இருப்பதாகக் கண்டது. ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 கூற்றுக்கள் கொண்ட வினாத்தாளை வளர்ப்போர் நிரப்புகின்றனர். நிரப்பிய தாளுக்கு ஏற்பச் சிகிச்சை கிடைக்கின்றதா என்றால், பல இடங்களிற் காத்திருப்போர் வரிசை நீளம். 'பிள்ளை ஓரிடத்தில் நிலையாக இருக்கட்டும், பிறகு சிகிச்சை தொடங்கலாம்' என்று சொல்லி ஒதுக்கும் வழக்கமும் சிலவிடங்களில் உண்டாம். நிலையாக இருக்கமுடியாமையே நோயாக இருக்க, நிலைத்த பின் வா என்பது, நீச்சல் பழகிய பின்னர் குளத்தில் இறங்கு என்பது போல இருக்கின்றது. நம் ஆசிரியர் அறியவேண்டிய நல்ல ஏற்பாடு ஒன்றும் அங்கே உண்டு: அரசு நிதியில் நடக்கும் ஒவ்வொரு பள்ளியிலும், பராமரிப்பில் வாழும் பிள்ளைகளுக்கென ஓர் ஆசிரியர் சட்டப்படி நியமிக்கப்பட்டிருக்கவேண்டும்.

இவ்வாறு காத்து வளர்த்த பிள்ளை பதினெட்டாம் பிறந்தநாளை அடைகின்றான். சட்டத்தின் கண்ணில் அன்று அவன் வளர்ந்தவன். வளர்ப்பு வீட்டுக்கு அரசு கொடுக்கும் பணம், சமூக சேவையாளரின் வருகை, சிறுவர் உளநலப் பகுதியின் உதவி ஆகிய எல்லாம் ஒரே நாளில் அறுந்துபோகக்கூடும். நம் வீடுகளில் முப்பது வயது மகனுக்கும் தாய் சோற்றைப் போட்டு மூடிவைத்துக் காத்திருக்கின்றாள். ஆங்கிலேயர் வீட்டுப் பிள்ளைகளும் இருபது வயதைத் தாண்டிப் பெற்றோரோடு இருப்பது இன்று சாதாரணம். யாருமற்ற பிள்ளைக்குத்தான் பதினெட்டு என்ற எண் இத்துணைக் கூர்மையாக இருக்கின்றது. இதனை உணர்ந்தே 2000 இல் ஒரு சட்டம் இயற்றி, வெளியேறும் இளைஞர்க்குத் தனி ஆலோசகர் ஒருவரையும் எதிர்காலத் திட்டம் ஒன்றையும் கொடுத்தார்கள். 2014 இல், இருதரப்பும் விரும்பினால் இருபத்தொரு வயதுவரை வளர்ப்பு வீட்டிலேயே தங்கலாம் என்றார்கள். 2017 இல் ஆலோசகரின் துணையை இருபத்தைந்து வயதுவரை நீட்டினார்கள்.

"அவையள் வந்து மனநோயைப் பற்றிப் பேசமாட்டினம், சித்தப்பா," என்றாள் என் பெறாமகள். "மின்சாரக் கட்டணக் கடிதத்தைக் கொண்டுவந்து, இதை எப்பிடி வாசிக்கிறது எண்டு கேப்பினம். அதை வாசிச்சு முடிக்கேக்கைதான், போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒருத்தரோடையும் கதைக்கேல்லை எண்டு சொல்லுவினம்."

அவள் பணியில் என்னை மிகக் கவர்ந்தது 'வாழ்க்கைக் கதைப் புத்தகம்' என்பது. எந்த ஆஸ்பத்திரியிற் பிறந்தான், பெயரை யார் வைத்தார்கள், தாய் ஏன் வளர்க்க இயலாதவளானாள், எந்த வீட்டில் எந்த நாய் அவனோடு விளையாடியது என்றெல்லாம், படங்களோடும் உண்மை பிறழாமலும் வயதுக்கேற்ற சொற்களில் எழுதி அப்பிள்ளையின் கையிற் கொடுக்கின்றார்கள். கதை சொல்லப்படாத பிள்ளை தானே ஒரு கதை கட்டிக்கொள்வான். பெரும்பாலும் அது, 'நான் கெட்டவனாயிருந்தேன், ஆகவே அனுப்பப்பட்டேன்' என்ற கதையாகவே இருக்கும். கடினமான உண்மைகளை எப்படிச் சொல்வது என்று சமூக சேவையாளர்க்கும் வளர்ப்போர்க்கும் கைகொடுப்பது உளவியலாளரின் வேலை.

கவிஞர் லெம் சிஸ்ஸேயின் வாழ்வை இங்கே குறிப்பிடாமல் இருக்கமுடியாது. எத்தியோப்பிய மாணவி ஒருத்திக்கு 1967 இல் இங்கிலாந்திற் பிறந்தவர். சமூக சேவை அலுவலர் ஒருவர் நோர்மன் என்று தம் பெயரையே குழந்தைக்கு வைத்து, ஒரு குடும்பத்தில் வளர்ப்புக்கு விட்டார். பன்னிரண்டு வயதில் அக்குடும்பம் கைவிட, சிறுவர் இல்லங்களில் வளர்ந்தார். வெளியேறும் பருவத்திலே பிறப்புச் சான்றிதழ் கையிற் கிடைத்தபோதுதான் தம் உண்மைப் பெயரை அறிந்தார். அதனோடு ஒரு கடிதமும் இருந்தது. மகனைத் திருப்பிப் பெறுவது எவ்வாறு என்று கேட்டு, அவர் குழந்தையாயிருந்த காலத்திலேயே தாய் எழுதிய கடிதம்! தம்மைப் பற்றிய முழுக் கோவையும் அவருக்குக் கிடைத்தது 2015 இல். அக்கோவையைக் கொண்டு அவர் எழுதிய தன்வரலாறு 2019 இல் வெளிவந்தது.

அந்நூலை ஓரிரவில் வாசித்து முடித்தேன். முடித்தபின் உறக்கம் வரவில்லை. பாண் ஒளித்த பையனைப் பற்றி நான் இன்னும் சொல்லாத ஒன்று உண்டு.

1983 தை மாதம். அவனுக்குப் பதினெட்டு வயது நிறைந்து, இல்லத்தை விட்டு வெளியேறும் நாள் நெருங்கியிருந்தது. அடையாள அட்டைக்கான படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். அவன் பெயருக்கு முன்னால் 'க' என்ற எழுத்து இருந்தது. வகுப்பு இடாப்பிலும் சான்றிதழிலும் அப்படியே எழுதிவந்தோம். படிவத்திலோ தகப்பன் பெயரை முழுமையாகக் கேட்டிருந்தார்கள்.

"சேர், இந்தக் 'க' ஆற்றை பேர்?" என்றான்.

எனக்குத் தெரியாது. அலுவலக அலுமாரியிற் சேர்வு இடாப்புக்கள் இருந்தன. அவனைக் கொண்டுவந்து விட்டபோது தாய் கொடுத்த தாள்களும் அங்கே இருந்திருக்கக்கூடும். அலுமாரிச் சாவி அன்று என் மேசை லாச்சியிலேயே கிடந்தது. ஆனால் மறுநாட் பரீட்சைக்கு வினாத்தாள் அச்சடிக்கும் அவசரத்தில் இருந்தேன். "ஏதேனும் ஒரு பெயரை எழுது தம்பி, ஒருவரும் பார்க்கப் போவதில்லை" என்றேன். அவன் சற்று நேரம் நின்றான். ஒன்பது வயதில் பாணைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே நிலை. பின்னர் போய்விட்டான். என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை. அடுத்த கிழமை ஒரு றங்குப்பெட்டியோடும் நற்சான்றுக் கடிதத்தோடும் பேருந்து ஏறினான். அந்த ஆண்டிலும் அதன் பின்னரும் இந்நாட்டில் நிகழ்ந்தவற்றை வாசகர் அறிவர். அவனைப் பற்றி எனக்கு ஒரு செய்தியும் கிட்டவில்லை.

இதனை என் பெறாமகளிடம் சொன்னேன். ஆறுதல் கூறுவாள் என எண்ணினேன். அவள் கூறவில்லை. "அந்த இடாப்பு இன்னும் இருக்குதோ?" என்று மட்டும் கேட்டாள்.

ஊர் திரும்பிய மாதமே அவ்வில்லத்துக்குப் போனேன். 1995 இடப்பெயர்விற் கைவிடப்பட்டு, பின்னர் அதே காணியிற் புதிதாகக் கட்டப்பட்ட மண்டபம். பழைய இடாப்புக்களில் ஒன்றுதானும் மிஞ்சவில்லை. கந்தையாவோ, கணபதிப்பிள்ளையோ, கதிரவேலோ, இனி அறிய வழியில்லை. அவன் இருந்தால் அறுபது வயதாகியிருக்கும்.

இப்பொழுது அங்கே பொறுப்பாயிருக்கும் அம்மையார் முப்பது வயது மதிக்கத்தக்கவர், அன்பானவர். தேநீர் தந்தார். இன்றைய இடாப்பைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஏன் என்று வினவினார், சொன்னேன். இருவரும் மேசையிலிருந்து பெயர் பெயராகப் பார்த்தோம். பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். அவர்களுள் மூவருக்குத் தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஓரெழுத்தும் ஒரு புள்ளியும் மட்டுமே இருந்தன. மூவரில் இருவரின் பிறந்த இடம் தெரியும். வருகின்ற செவ்வாய்க்கிழமை காலை, பிறப்புப் பதிவுகளின் பிரதி கேட்டு, அம்மையாரும் நானும் பிரதேச செயலகத்துக்குப் போகின்றோம். மூன்றாவது பிள்ளைக்கு ஆறு வயது. அவளைக் கொண்டுவந்து விட்ட பாட்டியாரின் ஊரைத் தேடவேண்டும்.